ஏழு நிமிடத்தில் வெளுக்கும் மஞ்சள்

ஜனவரி 19, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் ஆய்வகத்தைத் திறந்தோம். ஒரு வாரம் பூட்டிக் கிடந்த அறையில் அசிட்டோன் வாடையும் எலிப் புழுக்கையும் சரிபாதி. சிங்க்கில் யாரோ போட்டுவிட்டுப் போன பீக்கர்கள் அப்படியே கிடந்தன. யாரோ என்ன யாரோ, சுலைஹாதான். நானே கழுவினேன். ஆய்வேட்டைச் சமர்ப்பித்து ஐந்து மாதமாகிறது, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வரவேண்டியதுதான் பாக்கி, இன்னும் பீக்கர் கழுவுகிறேன். வாசலில் ‘டாக்டர் சண்முகவடிவு’ என்று பெயர்ப்பலகை மாட்டுகிற அன்றைக்கும் உள்ளே பீக்கர்தான் கழுவிக்கொண்டிருப்பேன் போல.

சுலைஹா எங்கள் செல்வின் சாரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. மேலப்பாளையத்துப் பிள்ளை. என் வினையூக்கியை எடுத்து அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவது அவள் வேலை. நெல் உமிச் சாம்பலில் இரும்பை ஏற்றி நான் செய்த தவிட்டு நிறப் பொடி அது. நைட்ரோபீனாலும் போரோஹைட்ரைடும் கலந்த கரைசல் நல்ல மஞ்சளாக இருக்கும். சும்மா வைத்தால் நாள் முழுக்க மஞ்சள்தான். என் பொடியை ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினால் ஏழு நிமிடத்தில் வெளுத்து வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை நிறத்தை அளந்து, மடக்கை (லாக்) எடுத்து வரைந்தால் அளவுகோல் வைத்த மாதிரி நேர்கோடு. பிளாட்டினம், பல்லேடியம் என்று விலையுயர்ந்த உலோகம் எதுவும் இல்லாமல் இந்த வேகமா என்று கட்டுரையைப் பார்த்தவர்கள் கேட்டார்கள். என் ஆய்வேட்டின் முதுகெலும்பே அந்தக் கோடுதான். சார் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் முதலில் போடுகிற படமும் அதுதான்.

சுலைஹா போட்டால் மட்டும் வெளுக்க மாட்டேன் என்கிறது.

ஜனவரி 23, திங்கள்

இன்றும் மஞ்சள்.

ஜனவரி 27, வெள்ளி

“யக்கா, ஒரு தடவ என் கண்ணு முன்னால போட்டுக் காட்டுங்களேன்” என்று சுலைஹா வந்து நின்றாள். பிடித்த வேலைதானே, காட்டினேன். என் மேஜை, என் பீக்கர், என் மேக்னட். மேக்னட் என்பது கரைசலுக்குள் போட்டுச் சுழலவிடுகிற சின்னக் காந்தம். மாத்திரை அளவு இருக்கும், மேலே டெஃப்லான் பூச்சு. அதை மட்டும் நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. ஆய்வகத்தில் ஒரு பொருளை இரவல் கொடுத்தால் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

சரியாக ஏழாவது நிமிடம் வெளுத்தது. சார் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. “பாத்தியாம்மா? அதே பொடி, அதே கரைசல். வடிவுக்கு அது கைராசி” என்றார். வேதியியல் பேராசிரியர் வாயில் கைராசி! ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அதே பீக்கரில் சுலைஹா தன்னுடைய மேக்னட்டைப் போட்டு ஓட்டினாள். அரை மணி நேரம் ஆகியும் மஞ்சள். “ஏட்டி, கைல மஞ்ச அரைச்சுப் பூசிட்டு வாரியா?” என்று கிண்டல் செய்தேன். சிரித்தாள். சார் சிரிக்கவில்லை. “எடை போடத் தெரியல, கழுவத் தெரியல. அடுத்த மீட்டிங்ல என்னத்தக் காட்டப் போற?” என்றார்.

மீட்டிங் என்றது ஆய்வுக்குழுக் கூட்டத்தை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பேர் உட்கார்ந்து மாணவரின் முன்னேற்றத்தைப் பார்ப்பார்கள். போனமுறை சுலைஹாவின் தாளில் ‘திருப்தியில்லை’ என்று எழுதிவிட்டார்கள். இரண்டாவது தடவையும் அப்படி எழுதினால் பதிவு ரத்து, வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அடுத்த கூட்டம் பிப்ரவரி 21.

பிப்ரவரி 2, வியாழன்

வைவாவுக்குத் தேதி வந்துவிட்டது! பிப்ரவரி 27, காலை பதினோரு மணி.

சார் நாற்பது டிகிரியில் ஒரு ரீடிங் கேட்டிருந்தார். பொடியைப் பட்டர் பேப்பரில் எடை போட்டு வைத்துவிட்டு, மேக்னட்டைச் சுழலவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து போன். வராந்தாவுக்கு ஓடினேன். இவருக்குச் சொல்லி, அத்தைக்குச் சொல்லி, அத்தை பால்காரரிடம் சொல்வதையும் போனிலேயே கேட்டுவிட்டுத் திரும்பிவரப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பீக்கர் வெளுத்திருந்தது. பட்டர் பேப்பரில் பொடி அப்படியே இருந்தது.

இரண்டு தடவை எடை போட்டிருப்பேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு தடவைதான் போட்டிருக்கிறேன்.

கோவில்பட்டிக் கல்லூரியில் ஜூன் மாதத்துக்குள் பட்டம் கையில் இருந்தால் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். இனி கவலையில்லை.

பிப்ரவரி 3, வெள்ளி

மகள் தர்ஷினிக்குப் பள்ளி ஆண்டு விழா, பட்டாம்பூச்சி வேஷம். சிறகுக்குச் சார்ட் பேப்பரும் ஜிகினாவும் வாங்கவேண்டும். டைலரிடம் ரவிக்கைத் துணி கொடுத்தாயிற்று. ஆய்வகத்தில் விசேஷம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 6, திங்கள்

வெள்ளிக்கிழமை எழுதியது பொய். என் நாட்குறிப்பில் நானே பொய் எழுதினால் யாருக்காக எழுதுகிறேன்?

அன்று காலை சுலைஹா வருவதற்குள் மறுபடி போட்டுப் பார்த்தேன். பொடி இல்லை, என் மேக்னட் மட்டும்: ஏழு நிமிடம். பொடி போட்டு, பெட்டியிலிருந்து பிரித்த புது மேக்னட்: மஞ்சள். பொடி இல்லாமல் மறுபடி என் மேக்னட்: ஏழரை நிமிடம். இன்றைக்கும் நான்கு தடவை ஓட்டினேன். ஒன்றும் மாறவில்லை.

அந்த மேக்னட், எனக்கு முன்னால் இதே ஆய்வகத்தில் இருந்த ஸ்டீபன் அண்ணன் கொரியாவுக்குப் போகும்போது எனக்கு விட்டுப் போனது. அண்ணன் ஐந்து வருஷமும் பல்லேடியத்தில்தான் வேலை பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் டெஃப்லானில் கீறல்கள் தெரிகின்றன, கீறல்களுக்குள் சாம்பல் நிறக் கறை. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பழைய சாமான் என்றால் கறை இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு பல்லேடியம் போதும், இந்த மஞ்சளை வெளுக்க.

பொடி போடாமல் ஓட்டிப் பார்ப்பதை பிளாங்க் என்போம். எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடமே அதுதான். ஆய்வேட்டில் நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் சோதனைக் குழாயில் எடுத்தேன், மேக்னட் போடாமல். கலக்குவது பொடி கரைசலோடு நன்றாகச் சேர்வதற்கு, பொடியே இல்லாதபோது எதற்குக் கலக்கவேண்டும் என்று விட்டுவிட்டேன். தேர்வாளர்கள் படித்தார்கள், கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் படித்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை.

என் பொடி எதுவும் செய்யவில்லை. நான்கு வருஷமாக நான் அளந்தது ஸ்டீபன் அண்ணனின் அழுக்கை. பயமாக இருக்கிறது.

சுலைஹாவின் கையில் ஒரு குறையும் இல்லை. இந்த ஆய்வகத்தில் சரியாகச் செய்துகொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

பிப்ரவரி 9, வியாழன்

சாரிடம் சொன்னேன். மூன்று நாளாக ஒத்திகை பார்த்தது எல்லாம் போய், உளறிக்கொட்டினேன். மேக்னட்டையும் ரீடிங்குகளையும் மேஜையில் வைத்தேன். மேக்னட்டைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கமாகத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் வெளிறியதைப் பார்த்தேன். இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லமுடியாது.

“சந்தேகம் வாரது நல்லதுதாம்மா. ஆராய்ச்சின்னா சந்தேகம் வரணும்” என்றார்.

“சந்தேகம் இல்ல சார். ஏழு தடவ ஓட்டிட்டேன்.”

“ஏழு தடவய வச்சு நாலு வருஷத்தத் தூக்கிப் போடச் சொல்லுதீங்களா? வைவா முடியட்டும். பொறவு நிதானமா உக்காந்து பாப்போம்.”

“சுலைஹாவுக்கு மீட்டிங் இருக்கு சார்.”

“அது என் பாடு” என்றார். மேக்னட்டை என் பக்கம் நகர்த்தினார். “இத நீங்களே வச்சுக்கிடுங்க.” பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பைலைப் பிரித்துக்கொண்டார், நான் எழுந்து வரவேண்டியதாகிவிட்டது. சொல்லவேண்டியவரிடம் சொல்லியாயிற்று. இதற்குமேல் நான் என்ன செய்யமுடியும்?

தர்ஷினியின் சிறகு ஒரு பக்கம் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 13, திங்கள்

எம்.எஸ்ஸி. பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போதே சார் சுலைஹாவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். “ஒனக்கு இது சரிப்பட்டு வராது, ஒரு பி.எட். படிச்சிட்டு டீச்சர் வேலைக்குப் போ” என்றார். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகப் பேசினாரோ என்னவோ, தெரியவில்லை.

எடை பார்க்கும் அறையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“வாப்பாட்ட என்னத்தக்கா சொல்லுவேன்? கூடப் பொறந்த காக்காமாரெல்லாம் படிச்சது போதும்னு சொன்னப்ப வாப்பாதான் ஒத்தையா நின்னாங்க. தெனமும் வண்டில கொண்டாந்து விட்டுட்டு, ‘இன்னைக்கி வெளுத்துருமா மக்கா’ன்னு கேக்காங்க. அவங்களுக்கு என்ன வெளுக்கணும்னுகூடத் தெரியாது.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் எம்.எஸ்ஸி. மாணவி ஒருத்தி எடை போட வந்துவிட்டாள். அவள் போன பிறகும் சொல்லியிருக்கலாம். “அழாத, கண்ணத் தொடச்சுக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு தோசைக்குமேல் இறங்கவில்லை.

பிப்ரவரி 15, புதன்

கொடுத்துவிட்டேன்.

“புது மேக்னட் சரியாச் சுத்த மாட்டேங்கு. இத வச்சு ஓட்டிப் பாரு” என்றேன். அவள் நம்பவில்லை. “ஒங்க மேக்னட்டாக்கா? யாருக்கும் தரமாட்டியளே!” இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஏழு நிமிடம். பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றவள் திடீரென்று என்னைக் கட்டிப்பிடித்துவிட்டாள். கண்ணாடி கழன்று தொங்குகிறது, சிரிக்கிறாள், அழுகிறாள். “வெளுத்துட்டுக்கா! யக்கா, வெளுத்துட்டு!” வராந்தாவில் நின்று வாப்பாவுக்குப் போன் போட்டாள்.

கூட்டம் முடியட்டும். பதிவு தப்பிக்கட்டும். பிறகு மெதுவாக உண்மையைச் சொல்லி, வேறு வினையூக்கிக்கு அவளை மாற்றிவிடலாம். இப்போது இதைவிட்டால் வழியில்லை. அவளைக் காப்பாற்றத்தான் கொடுத்தேன்.

பிப்ரவரி 17, வெள்ளி

ஐந்து வெப்பநிலையில் ரீடிங் எடுத்துவிட்டாள். கோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். என் கோட்டைவிட நேராக இருக்கிறது.

பிப்ரவரி 21, செவ்வாய்

‘மிகவும் திருப்தி’ என்று எழுதிவிட்டார்கள். சுலைஹா எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாள். சார் இரண்டு தடவை எடுத்துக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தூத்துக்குடிலேர்ந்து வந்த மேடம் ரொம்பப் பாராட்டுனாங்கக்கா. பிளாங்க்கும் இதே மாதிரிக் கலக்கித்தான் எடுத்தியாம்மான்னு கேட்டாங்க. எடுக்கல மேடம்னு சொன்னேன். அடுத்த ரிப்போர்ட்ல அதையும் சேத்துருன்னாங்க.”

“சரி” என்றேன்.

“மேக்னட் இன்னும் கொஞ்ச நாளு எங்கிட்டயே இருக்கட்டுமாக்கா? பத்திரமா வச்சுக்கிடுதேன்.”

வாங்கிவிடத்தான் நினைத்தேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது? இருக்கட்டும் என்றேன். வைவா முடிந்த மறுநாளே உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 27, திங்கள்

நான் டாக்டர் ஆகிவிட்டேன்.

நாற்பத்தைந்து நிமிடம் பேசினேன். வெளித்தேர்வாளர் நல்ல மனுஷர், கிளர்வு ஆற்றலைப் பற்றி இரண்டு கேள்வி, உமி எந்த ஊரில் வாங்கினீர்கள் என்று ஒரு கேள்வி. பிளாங்க்கைக் கலக்கி எடுத்தீர்களா என்ற அந்தக் கேள்வி வரவில்லை. வந்தால் சொல்லிவிடுவதாக மனதுக்குள் நேர்ந்துகொண்டு நின்றேன். உண்மையாகவே நேர்ந்துகொண்டேன். யாரும் கேட்கவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அவர் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். அத்தை புதுச்சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதார்கள்.

சாப்பாட்டுக்கு இலை போட்டதிலிருந்து படம் எடுத்தது வரைக்கும் சுலைஹாதான். “டாக்டரக்கா, இன்னும் ஒரு வடை” என்று இலையில் வைத்துவிட்டு ஓடினாள். இலையை அதோடு சேர்த்து மடித்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 1, புதன்

சுலைஹா வரவில்லை, உம்மாவுக்குக் காய்ச்சலாம். நானும் நாளை முதல் ஒரு வாரம் லீவு. தர்ஷினியின் ஆண்டு விழா, குலதெய்வம் கோயில், இவருடைய அக்கா வீடு. வந்து சொல்லிக்கொள்ளலாம். போனில் சொல்கிற விஷயமா இது?

மார்ச் 10, வெள்ளி

முதலில் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் ஆய்வகத்துக்குப் போனால் சுலைஹாவின் மேஜை காலி. நோட்டுகள் இல்லை, கோட் இல்லை. சார் அறைக்குப் போனேன். ஒரு தாளை எடுத்து நீட்டினார். சுலைஹாவின் கையெழுத்து. திங்கட்கிழமை பிளாங்க் எடுத்திருக்கிறாள், மேடம் சொன்னபடியே கலக்கி. பொடி இல்லாமலே வெளுத்திருக்கிறது. மறுபடி, மறுபடி, ஒன்பது தடவை ஓட்டியிருக்கிறாள். என் மேக்னட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வதற்காகப் பக்கத்து ஆய்வகத்தில் அதிர்வில் கழுவுகிற தொட்டி இருக்கிறதே, அதில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாளாம். அந்தத் தொட்டியில் அவர்கள் பல்லேடியம் வைத்து வேலை செய்த பாத்திரங்களையும் கழுவுவார்கள். ‘என் கவனக்குறைவால் மேக்னட்டில் பல்லேடியம் ஒட்டிவிட்டது. கூட்டத்தில் நான் காட்டிய ரீடிங்குகள் எதுவும் செல்லாது. அவற்றைத் திரும்பப் பெறுகிறேன். சண்முகவடிவு அக்காவின் முடிவுகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.’

கடைசி வரியை மூன்று தடவை படித்தேன்.

“நான் கேக்கலம்மா, அந்தப் பிள்ளயே எழுதிக் கொண்டாந்துச்சு” என்றார் சார். “கமிட்டிக்கு அனுப்பித்தான ஆகணும்? ‘திருப்தியில்லை’ன்னு திருத்தி எழுதிட்டாங்க. ரெண்டாவது தடவ.”

“சார், ஒங்களுக்குத் தெரியும்லா?”

“எனக்கு என்னம்மா தெரியும்? நீங்க ஒரு சந்தேகம் சொன்னீங்க.”

“நான் இப்பவே எழுதிக் குடுக்கேன் சார்.”

“குடுங்க” என்றார். பேனாவையே எடுத்து என் முன்னால் வைத்தார். “ஒங்க பட்டம் நேத்துதான் கையெழுத்தாச்சு. அது போகும். என் பேரும் போகும். நீங்களே வேணும்னு அந்த மேக்னட்ட அவ கைல குடுத்தீங்கன்னும் எழுதணும். எழுதுவீங்களா?”

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பேனாவை எடுத்தேன். எடுத்தேன் என்பது சத்தியம். கோவில்பட்டி, அத்தை முகம், இவர் நான்கு வருஷம் தர்ஷினிக்குத் தலை பின்னிவிட்டது எல்லாம் வந்து நின்றன. பேனாவை மூடி அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். என்னைப்போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சுலைஹா கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“யக்கா, ஒங்க மேக்னட்டக் கெடுத்துட்டேங்க்கா. ஒங்க உசிரு மாரி வச்சிருந்தியளே. சுத்தமா வச்சிருக்கணும்னுதான் கழுவுனேன், அல்லா மேல ஆணையா.”

“சுலைஹா, நான் சொல்லுததக் கேளு...”

“ஒண்ணும் சொல்லாதிய. நீங்க சொல்லமாட்டிய, எனக்குத் தெரியும். ஏசக்கூட மாட்டிய. நல்லவேள, ஒங்க வைவா முடிஞ்ச பொறவு இப்படி ஆச்சு. முன்னாலயே ஆயிருந்தா என்னால ஒங்களுக்குல்லா சங்கடம்.”

என் வாயில் வார்த்தை இருந்தது. ‘நீ கெடுக்கவில்லை’ என்ற அளவு சின்ன வார்த்தைதான். அவள் அழுதுகொண்டே பேசிக்கொண்டிருந்தாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டுக்கு வெளியே வண்டி வந்து நின்றது. அவள் வாப்பா. வெள்ளைச் சட்டை, தொப்பி, மெலிந்த மனுஷர். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி என்னிடம் வந்தார்.

“டாக்டரம்மா, சின்னப்பிள்ள. தெரியாமப் பண்ணிட்டா. ஒங்க சாமானப் பாழாக்கிட்டோமேன்னு மூணு நாளா வீட்ல சோறு திங்கல” என்று சொல்லிக் கை கூப்பினார். “மனசுல வச்சுக்கிடாதீங்கம்மா.”

சுலைஹா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கூப்பிய கையை இறக்காமல் என் பதிலுக்குக் காத்து நின்றார்.

“இல்ல மாமா, மனசுல வைக்கல” என்றேன்.

அவருக்கு நிம்மதியாகிவிட்டது. மகளை ஏற்றிக்கொண்டு போனார்.